உடைந்த எக்ஸாஸ்ட் போல்ட்: ஈஸி அவுட்டா, நட்டை ஒட்டிக் கழற்றுவதா?

போன மாதம் என் 14 அடி லாரிக்கு எக்ஸாஸ்ட் மாற்ற வேண்டி வந்தது. வண்டிக்கு 11 வயது. புது லாரிக்குக் கொடுக்கிற காசில்லாமல் சிஓஇயை (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்று) 5 ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து வயதைத் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு நிற்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும், இன்ஜின் சூடானதும் அடங்கிவிடும். எட்டிப் பார்த்தால் மேனிஃபோல்ட் (இன்ஜின் புகையைச் சேர்த்து எக்ஸாஸ்ட் பைப்புக்கு அனுப்பும் பாகம்) ஓரத்தில் கரி அப்பியிருந்தது. சைலன்சரும் ஓட்டை. சரி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று காக்கி புக்கிட்டில் தெரிந்த ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

பின்பக்கத்துப் பைப்புகளை இணைக்கும் போல்ட்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் திறந்த ஓட்டைகள்தான். கிரைண்டரால் அறுத்துப் போட்டுவிட்டுப் புது போல்ட், புது நட் மாட்டினால் வேலை முடிந்தது. வில்லங்கம் எல்லாம் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்களில்தான்: தலையில்லாத போல்ட்கள், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் மரை ஏறி உட்கார்ந்திருக்கும். எனக்கு மூன்று உடைந்தன: இரு கடைசி முனைகளிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. முனைகளில் உடைவது வழக்கம்தான். மேனிஃபோல்ட் சூட்டில் நீளும், ஆறினால் சுருங்கும். அந்த அசைவு அதிகம் தெரிவது இரண்டு ஓரங்களில். பத்து வருஷம் இப்படி இழுபட்டால் எந்த ஸ்டட்டும் களைத்துப்போகும்.

குளிர்நாடுகளைப் போல இங்கே சாலையில் உப்புத் தூவுவதில்லை, ஆகவே துரு குறைவு என்று நினைத்திருந்தேன். ஆனால் அடிக்கடி மழையும் சூடும் மாறி மாறிப் படுகிற இடம் இது. தவிர, பல கார்கள் பத்து வருஷத்தில் கழிக்கப்படும் ஊரில், இப்படி இறுகிப்போன போல்ட்டோடு மல்லுக்கட்டிப் பழகிய கைகளும் குறைவுதான் என்று தோன்றுகிறது.

துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாள் இரவே அடித்து ஊறவைப்பது, கேஸ் விளக்கால் சூடு காட்டுவது, கம்பி பிரஷ்ஷால் மரையைத் துடைப்பது எல்லாம் எல்லோரும் செய்வது. நாங்களும் செய்தோம். அதையும் மீறி உடைந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, ஈஸி அவுட். உடைந்த ஸ்டட்டின் நடுவில் துளை போட்டு, இடதுபக்கச் சுருளுள்ள கூம்புக் கம்பியை இறக்கித் திருகினால் ஸ்டட் கழன்று வரும். வெல்டிங் மெஷின் வேண்டாம், கருவிப்பெட்டியில் கிடக்கும், விலையும் அதிகமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் ஸ்டட் ஸ்பேனர் விசை தாங்காமல் முறிந்திருக்கிறது. அதற்குள் போடும் துளை நாலு, நாலரை மில்லிமீட்டர்தான் இருக்கும். முழு ஸ்டட்டே தோற்ற இடத்தில் அதில் பாதி தடிமனுள்ள கம்பி என்ன செய்யும்? அதோடு கூம்பு உள்ளே இறங்க இறங்க ஸ்டட் வெளிப்பக்கமாக விரிந்து மரையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் பழைய வேன் ஒன்றில் இதே வேலையைச் செய்யப்போய் ஈஸி அவுட் உள்ளேயே ஒடிந்துவிட்டது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்குமே தவிர அறுக்காது. கடைசியில் ஹெட்டையே கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அரை நாள் வேலை ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது, உடைந்த முனையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து ஒட்டித் திருகுவது. பட்டறையில் வெல்டிங் பார்ப்பவர் புதுக்கோட்டைக்காரர். நான் ஈஸி அவுட்டும் கையுமாக நிற்பதைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, அது உள்ள ஒடிஞ்சா எடுக்கறதுக்கு ஆள் தேடணும். நட்டு பிச்சுக்கிட்டா இன்னொரு நட்டு, அவ்வளவுதான்."

என் முடிவு முழுக்க அந்த ஒரு பேச்சில்தான் நிற்கிறது. எந்த வழி முதல் தடவையே பலிக்கும் என்று பார்ப்பதைவிட, பலிக்காமல் போனால் அடுத்த வழி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த வேலைக்குச் சரி. ஈஸி அவுட் ஒடிந்தால் கதவு சாத்தியாயிற்று. நட் பிய்ந்தால் ஸ்டட் முன்பு இருந்த மாதிரியே இருக்கும். இன்னும் சொல்லப்போனால் ஒரு தடவை சூடுபட்டுக் கொஞ்சம் இளகியிருக்கும்.

எனக்கு முதல் ஸ்டட்டில் நட் இரண்டு தடவை பிய்ந்தது. செய்த விதம் இதுதான். பேட்டரி வயரைக் கழற்றினோம், இல்லையென்றால் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஆபத்து. எர்த் கிளாம்ப்பை ஸ்டட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டி, டீசல் குழாய்களை ஈரத்துணியால் மூடி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம். முதலில் ஒரு வாஷர், அதன்மேல் ஸ்டட்டைவிட ஒரு சைஸ் பெரிய நட். வெல்டிங் தம்பி ஸ்டட்டின் நடுவில் தொடங்கி நட்டின் ஓட்டையை உலோகத்தால் நிரப்பினார். செந்நிறம் மறையும்வரை காத்திருந்து, ஸ்பேனரை ஒரேயடியாக இழுக்காமல் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று ஆட்டினார். மூன்றாவது நட்டில் 'கிறீச்' என்று ஒரு சத்தம், மரையோரத்தில் பழுப்புத் தூள் உதிர்ந்தது. அப்புறம் எண்ணெய் விட்டுக்கொண்டே கால் சுற்று, அரைச் சுற்று என்று வெளியே வந்தது. சூட்டில் ஸ்டட் விரியப் பார்க்கும், சுற்றியுள்ள வார்ப்பிரும்பு விடாது. ஆறிச் சுருங்கும்போது துருவின் பிடி விடுகிறது. இழுக்கிற கையைவிட அந்தச் சூடுதான் வேலை செய்கிறது.

இரண்டாவது முனை ஸ்டட் முதல் நட்டிலேயே வந்தது. நடுவில் உள்ளதுதான் ஹெட்டுக்குள் நன்றாக ஆழத்தில் முறிந்திருந்தது. வாஷர் வைக்க இடமில்லை, ஒட்ட வைத்தாலும் சுற்றுமரையில் படும் என்று தம்பி கைவிரித்துவிட்டார். அதற்கு மூன்றாவது வழி: முழுவதும் டிரில் செய்து, மரை கெட்ட இடத்தில் புது மரையாக ஒரு கம்பிச்சுருளை இறக்குவது. நடுப்புள்ளி சரியாக விழுந்தால், 8 மில்லிமீட்டர் சாதாரண மரைக்கு 6.8 மில்லிமீட்டர் பிட் போதும், பழைய மரையே தப்பிவிடும். எங்களுக்குத் துளை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது, ஆகவே சுருள். எக்ஸாஸ்ட் சூட்டில் அது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டால், என் வண்டியில் ஓடியது ஒரு மாதம்தான்.

ஈஸி அவுட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஓட்டத்தில் தானாக முறிந்த ஸ்டட் சில சமயம் மரையில் இறுகாமலே இருக்கும். இடதுசுற்று டிரில் பிட்டால் துளை போடும்போதே அது கழன்று வந்துவிடுவதும் உண்டு. வெல்டிங் வசதி இல்லாதவர்கள் முதலில் அந்த பிட்டை முயன்று பார்க்கலாம். அலுமினிய ஹெட்டில் நான் இதுவரை கைவைத்ததில்லை, நான் சொன்னதெல்லாம் வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு.

புது ஸ்டட்களுக்குச் செம்புக் கலவைப் பசை தடவித்தான் மாட்டினோம். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியபின் எல்லா நட்களையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம். நடுவில் சுருள் போட்ட இடத்தில் மட்டும் நட் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தது. அடுத்த பரிசோதனைக்குமுன் அதை மறுபடி பார்க்க வேண்டும்.