மருத்துவருக்கு முழு மதிப்பெண், வரவேற்பு மேசைக்குப் பாதிகூட இல்லை

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு முதன்முறை போன மருத்துவமனை இது. முன்பதிவின்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. கணவர் இன்னொரு நாள் அலைந்தார்.

மருத்துவர் வேறு ரகம். ஓராண்டு மாதவிடாய்த் தேதிகளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்; வரிவரியாகப் படித்தார். பழைய தைராய்டு அறிக்கையையும் கேட்டு வாங்கினார். கருமுட்டை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் பரிசோதனைக்கு மாதவிடாயின் 2 அல்லது 3ஆம் நாள் வரவேண்டும், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோனான ஏஎம்ஹெச்சுக்கு எந்த நாளும் சரி என்று பொறுமையாக விளக்கினார். என் மாமியார் கேட்கும் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை! நான் எழுதிப்போன 11 கேள்விகளில் 9க்குப் பதில் கிடைத்தது.