குடியிருப்புக் குளத்துக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம் சோதனைச்சாவடியிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்துள்ள எங்கள் குடியிருப்பின் நடுவில், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் பரப்பில் ஒரு செயற்கைக் குளம் இருக்கிறது. வீடுகளை விற்றவர்கள் அதை ‘லேக் வியூ’ என்று விளம்பரப்படுத்தி, அதற்கும் சேர்த்தே விலை வைத்தார்கள். பராமரிக்கும் பொறுப்பு மட்டும் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் விழுந்தது. ஆகாயத்தாமரை குளத்தின் பாதியை மூடிய பிறகு, கோவையிலிருந்து வந்து பணிசெய்யும் ஒரு நீர்நிலைப் பராமரிப்பு நிறுவனத்துடன் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தறுவாயில், அந்தச் சேவையைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே பதிவு செய்கிறேன். குறை சொல்லப்போவதும் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே வகை ஒப்பந்தங்களை வேறு பலரும் ஏறத்தாழ இதே வாசகங்களுடன் நீட்டுகிறார்கள் என்பதால் பெயர் அவ்வளவு முக்கியமும் இல்லை.

ஒப்பந்தத்தில் நான்கு பணிகள் உண்டு: களை அகற்றுதல், காற்றூட்டும் கருவிகளைப் பொருத்தி இயக்குதல், மாதந்தோறும் நீர்ப் பரிசோதனை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை நுண்ணுயிர்ப் பொடி தூவுதல்.

இவற்றுள் முதல் பணியை மனமாரப் பாராட்டலாம். இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிப் படம் காட்டாமல், இரண்டு பரிசல், ஒரு நீண்ட மிதவைக் கயிறு, கொக்கிகள், ஆறேழு ஆட்கள் என்ற அளவிலேயே அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வீசும் கிழக்குக் காற்று மிதக்கும் களை முழுவதையும் மேற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அது மீண்டும் பரவாதபடி மிதவைக் கயிற்றால் வளைத்துக் கட்டி, கரையோரமாகவே இழுத்துப் போட்டார்கள். “காத்து கெழக்கயிருந்து அடிக்கறப்பவே இழுத்துரோணுங்க சார், விட்டுட்டா ஆள்கூலி ரெண்டு பங்காயிருமுங்க” என்று அந்த அணியின் மேஸ்திரி சொன்னதில் மிகையேதும் இல்லை. ஒரு கொத்தை வெளியே எடுத்துப் பார்த்தால், காற்றடைத்த பச்சைக் காம்புகளுக்குக் கீழே கருஞ்சிவப்பு வேர்க்கற்றை முழங்கை நீளத்துக்குத் தொங்குகிறது. உதறினால் நத்தைகளும் கொசுப்புழுக்களும் உதிர்கின்றன. யானைக்கால் நோய்க் கிருமியைப் பரப்பும் மான்சோனியா வகைக் கொசுவின் புழுக்கள் இத்தகைய வேர்களைத் துளைத்துத்தான் மூச்சுக்காற்றைப் பெறுகின்றன என்பதால், களை எடுப்பது கண்ணுக்கு அழகு சேர்க்கும் வேலை மட்டுமன்று. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்திலுள்ள சேர்த்தலைப் பகுதியில் 1980-களில் யானைக்கால் ஒழிப்புப் பணி குளங்களில் மிதக்கும் களைகளை அகற்றுவதையே ஒரு முக்கிய வழியாகக் கொண்டிருந்தது.

எடுத்த களையை என்ன செய்வது என்பதில்தான் சேவை சறுக்கியது. ஆகாயத்தாமரையின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர். ஒரு டன் களை காய்ந்தால் ஐம்பது கிலோ அளவில் வந்து நிற்கும் என்பதால், கரையிலேயே குவித்துக் காயவிட்டு ஏற்றினால் டிராக்டர் வாடகை மிச்சமாகும் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. கணக்கு சரிதான், ஆனால் குவியல் அழுகி, இடையில் ஒரு மழை பெய்ததும், அதிலிருந்து ஒழுகிய கறுத்த சாறு சரிவில் இறங்கி மீண்டும் குளத்திலேயே கலந்தது. களை உறிஞ்சி வைத்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அடுத்த தலைமுறைக் களைக்கு உரமாகத் திரும்பிப் போனது என்பதே இதன் பொருள். காசு கொடுத்து வெளியே எடுத்ததைக் காசு வாங்காமல் உள்ளே விட்டார்கள்.

நீர்ப் பரிசோதனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாக் குடியிருப்புகளிலும் அச்சிட்ட அறிக்கையைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். எங்களுக்கு வந்த அறிக்கைகளில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருந்தது. மீன் வளர்ப்புக்கான நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு 4 மில்லிகிராம் என்பதால், இது சிறப்பான நிலை என்றே தோன்றும். ஆனால் மாதிரி எடுக்கப்பட்ட நேரம் எல்லா மாதமும் நண்பகலை ஒட்டியே இருந்தது. பாசி மிகுந்த குளத்தில் வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் பெருகும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். பொழுது விடியும் முன் அளவு அடிமட்டத்தைத் தொடும். கருவியை அதிகாலையில் கொண்டுவருமாறு வற்புறுத்தி அளக்கச் செய்தபோது, அதே குளம் 2 மில்லிகிராமுக்கும் கீழே காட்டியது. மந்தாரமான நாளுக்கு மறுநாள் காலையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதன் காரணம் அப்போதுதான் சங்கத்தில் எல்லாருக்கும் விளங்கியது. கார அமில அளவையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும்: பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் அந்த அளவு மாலையில் 9-ஐத் தாண்டுவதுண்டு. நேரம் குறிப்பிடாத பரிசோதனை அறிக்கையைக் கையெழுத்திட்டு வாங்காதீர்கள்.

இதனோடு ஒட்டியதே காற்றூட்டும் கருவிகளின் கதையும். குளத்தின் நடுவில் ஒரு நீரூற்றும், அடித்தளத்தில் காற்றுக்குமிழி விடும் டிஃப்யூசர் தட்டுகளும் பொருத்தினார்கள். கருவிகள் தரமானவை, பழுது வந்தபோது காலதாமதமின்றி ஆள் வந்ததையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் டைமர் மாலை நேரத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. நடைப்பயிற்சிக்கு வருவோர் நீரூற்றைப் பார்த்து மகிழ்வதற்கு அது உகந்த நேரம். மீனுக்கு ஆக்சிஜன் வேண்டியதோ நள்ளிரவுக்குப் பின். இரவு பத்து முதல் காலை ஏழு வரை டிஃப்யூசர்களை ஓடவிட்ட பிறகு விடியற்கால அளவு 4-க்கு மேல் நின்றது, அடிச்சேற்றின் முட்டைநாற்றமும் தணிந்தது. ஒரு ஆள் மட்டத்துக்கும் குறைவான ஆழமுள்ள குளமானால் டிஃப்யூசர் அவ்வளவாகப் பயன்தராது. குமிழி மேலேறும் தூரம் போதாது. அங்கே இறால் பண்ணைகளில் சுழலும் துடுப்புச் சக்கரமே மேல்.

நுண்ணுயிர்ப் பொடிக்குச் செலவான தொகை எனக்கு இன்னும் உறுத்துகிறது. பையின் மேல் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. குளத்து நீரில் தெரியும்படியான மாற்றம் ஒன்றும் இல்லை. சேற்றிலும் நீரிலும் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு வேண்டியது ஆக்சிஜன்தான், உறவினர் வருகை அன்று. மேலும், பாக்டீரியா எதுவும் பாஸ்பரஸைக் காற்றில் கலைத்துவிடாது; அது குளத்திலேயேதான் இருக்கும்.

இடையில் களைக்கொல்லி தெளிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, மறுத்துவிட்டோம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் விற்பனையையும் பயன்பாட்டையும் கேரள அரசு 2019-இல் தடை செய்துவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்பது இங்கே தெளிப்பதற்கு நியாயம் ஆகாது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், ஒரே நேரத்தில் செத்து அழுகும் களை இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும் என்பது போதுமான காரணம்.

உயிரியல் முறைகளில் நிறுவனத்தின் தெரிவு நன்றாக இருந்தது. ஆழம் குறைந்த தெற்கு மூலையில் நீருக்குள் அடர்ந்திருந்த வேலம்பாசி என்ற களைக்குப் புல்கெண்டை மீன் குஞ்சுகளை விட்டார்கள். சில மாதங்களில் அந்த மூலை தெளிந்தது. ஆனால் புல்கெண்டை ஆகாயத்தாமரையை விரும்பித் தின்பதில்லை, எனவே மீன் விட்டாயிற்று என்று கைவேலையை நிறுத்தக் கூடாது. ஆகாயத்தாமரையைத் தின்பதற்காக 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட நியோகெட்டினா வண்டுகளை விடலாமே என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் கேட்டார். பெரிய நீர்நிலைகளில் அது பயன்தரக்கூடும். மாதாமாதம் செடியை வேரோடு இழுக்கும் குளத்தில் செடியோடு வண்டும் போய்விடும் என்று நிறுவனத்தார் வெளிப்படையாகவே சொன்னார்கள். விற்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று சொன்ன அந்த ஓர் இடத்தில் அவர்கள் மீது மதிப்பு கூடியது.

இத்தனைக்கும் மேலாக, ஒப்பந்தத்தில் எங்குமே இல்லாதது ஒன்று உண்டு: குளத்துக்குள் என்ன வருகிறது என்ற கேள்வி. லிட்டருக்கு ஏறத்தாழ 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே ஒரு நீர்நிலை பாசி செழிக்கும் நிலைக்குப் போய்விடும். எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் உபரி நீர் கிளப் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு குழாய் வழியே குளத்தில் விழுகிறது. சாம்பல் நிற நுரையோடு அது விழும் இடத்தைச் சுற்றித்தான் ஒவ்வொரு முறையும் முதல் களை துளிர்க்கிறது. புல்தரைக்கு இடும் டி.ஏ.பி. உரமும் மழைநீர் வடிகாலில் வழிந்து அங்கேயே சேர்கிறது. கேரளக் கடலோரத் தாழ்நிலமான குட்டநாட்டில் கடல் உப்பு ஏறும் காலத்தில் ஆகாயத்தாமரை தானாகவே கருகும். உள்நாட்டுக் குளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாதம் தவறாமல் பரிசலில் போய்வந்த நிறுவனத்தார் அந்தக் குழாயைப் பற்றி ஒரு வரிகூட அறிக்கையில் எழுதவில்லை. களை தீர்ந்துவிட்டால் ஒப்பந்தமும் தீர்ந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் நாங்கள் வைத்துள்ள நிபந்தனைகள் இவை: களை எடுப்பும் இரவுநேரக் காற்றூட்டலும் அவர்களிடமே தொடரும். பொடி நீக்கப்படும்; அந்தத் தொகை உபரி நீரைப் புல்தரைப் பாசனத்துக்குத் திருப்பும் குழாய் வேலைக்குப் போகும். ஆக்சிஜன் அளவு காலை ஆறு மணிக்கு முன், சங்கத்தின் ஆள் ஒருவர் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும். எடுத்த களை அன்றே டிராக்டரில் ஏற வேண்டும். அக்கம்பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்கள் அதை மூடாக்குக்கு வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள், பூத்து விதை பிடிக்கும் முன்பே எடுத்துத் தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அந்த விதை ஈரச்சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. டிராக்டர் வாடகை யாருடையது என்பதில் மட்டும் பேச்சு இன்னும் முடியவில்லை.