ஐ.நா. வெப் டிவி: எல்லாம் தெரிகிறது, நாம் தேர்ந்தெடுத்த ஆள்தான் இல்லை

ஐ.நா.வின் இணைய ஒளிபரப்பான வெப் டிவிக்குச் சந்தா கிடையாது. பொதுச் சபையும் பாதுகாப்பு அவையும் கூடும்போது நேரலையில் பார்க்கலாம், பழைய கூட்டங்களும் கிடைக்கின்றன. பேசுபவரின் சொந்தக் குரலில் கேட்கலாம், இல்லையென்றால் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் செப்டம்பர் மாதத் தலைவர்கள் உரையில் ஆரம்பிக்க வேண்டாம். வாக்கெடுப்பு நடக்கும் நாளைத் தேடிப் பிடியுங்கள். பொதுச் சபையின் பெரிய பலகையில் 193 உறுப்பு நாடுகளின் பெயர்களும் வரும், ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, ஒதுங்கி நிற்பவர்களுக்கு மஞ்சள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து ஏன் அப்படி வாக்களித்தோம் என்று விளக்குவார்கள் பாருங்கள், அதை நான் ஒருபோதும் தவறவிடுவதில்லை, ஏனென்றால் செய்தியில் ஒரு வரியாக வந்து போகிற முடிவுக்குப் பின்னால் யார் எதற்குத் தயங்கினார்கள் என்பது அங்கேதான் தெரியும். பாதுகாப்பு அவையில் கையைத் தூக்கி வாக்களிக்கிறார்கள். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தால் தீர்மானம் செத்தது. ஆனால் 2022 ஏப்ரலுக்குப் பிறகு, இப்படித் தீர்மானத்தைக் கொல்லும் எதிர்ப்பு வாக்கு, அதாவது வீட்டோ, போடப்பட்டால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச் சபை கூடி அதை விவாதிக்க வேண்டும். அந்த விவாதங்களை அவசியம் பாருங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் எனக்குக் குறை உறைத்தது. அது ஒளிபரப்பின் குறை அல்ல, அந்த மண்டபத்தின் குறை. அங்கே வாக்களிக்கப் பொத்தானை அழுத்துபவர் அரசு நியமித்த தூதர். ஒரு நாட்டு மக்களில் பாதிப் பேர் ஆளுங்கட்சிக்கு எதிராக வாக்களித்திருந்தாலும் பலகையில் ஒரே நிறம்தான். சுமார் 11,000 பேர் வாழும் பசிபிக் தீவு நாடான துவாலுவுக்கும் ஒரு விளக்கு, 140 கோடிப் பேரின் சீனாவுக்கும் ஒரு விளக்கு. ஐ.நா. சாசனம் என்னவோ 'மக்களாகிய நாங்கள்' என்றுதான் தொடங்குகிறது.

அதனால்தான் ஐ.நா.வுக்கு மக்கள் பிரதிநிதிகள் அமரும் ஒரு நாடாளுமன்ற அவை வேண்டும் என்ற கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். 2007 முதல் இதற்கென்றே ஒரு சர்வதேசப் பிரசாரம் நடக்கிறது. சாசனத்தைத் திருத்தப் போனால் அந்த ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும், ஆனால் 22-ஆம் பிரிவின்படி பொதுச் சபையே துணை அமைப்பு ஒன்றை உருவாக்கலாம். முதலில் ஆலோசனை சொல்லும் அவையாக, தேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களை வைத்தே தொடங்கலாம். ஐரோப்பிய நாடாளுமன்றமும் 1952-இல் 78 பிரதிநிதிகளோடு அப்படித்தான் ஆரம்பித்தது, மக்கள் நேரடியாக வாக்களித்தது 1979-இல்தான். இன்று அங்கே ஜெர்மனிக்கு 96 இடம், மால்டாவுக்கு 6. பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்காமல், சின்ன நாடு பெரியதற்குச் சமமாகவும் நிற்காமல் கணக்குப் போட முடிகிறது.

சுதந்திரமான தேர்தலே நடக்காத நாடுகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் ஒரே நாட்டின் ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் அந்த மண்டபத்தில் வேறு வேறு நிறத்தில் வாக்களிப்பதை நான் பார்க்க வேண்டும்.

சரி, பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கூட்டங்கள் மூன்று மணி நேரம்கூடப் போகும். ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் வாக்குப் பதிவுகள் இருக்கின்றன, அதுவும் இலவசம். முதலில் அங்கே உங்கள் நாடு வாக்களித்த ஒரு தீர்மானத்தையும் அதன் தேதியையும் குறித்துக்கொண்டு, பிறகு அந்த நாளின் வீடியோவைத் திறங்கள்.