வாக்காளர் சேவைத் தளம்: விண்ணப்பிப்பது சுலபம், பெயர் ஏறியதா என்று பார்ப்பதில்தான் வேலை

கையில் வாக்காளர் அட்டை இருந்தும் ஓட்டுப் போடாமல் வாக்குச்சாவடியிலிருந்து திரும்புகிறவர்களை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் பார்க்கலாம். அட்டை என்பது ஆள் அடையாளம் மட்டும்தான். ஓட்டுரிமையைத் தருவது, அந்தத் தொகுதியின் பட்டியலில் இருக்கும் பெயர். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளமான வோட்டர்ஸ்.இசிஐ.கவ்.இன்-ஐ இந்தக் கண்ணோட்டத்தில்தான் எடைபோட வேண்டும். விண்ணப்பம் வாங்குவதில் தளம் நன்றாகவே இருக்கிறது, கட்டணமும் கிடையாது. ஆனால் நாம் செய்யும் பிழையைத் தடுத்து நிறுத்துவதில் அது பலவீனம். அந்தப் பிழைகள் எங்கே விழுகின்றன என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

முதலில் படிவம். பட்டியலில் இதுவரை பெயரே இல்லாதவருக்குப் படிவம் 6. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 6ஏ. வீடு மாறியவர், பெயரிலோ வயதிலோ திருத்தம் வேண்டுபவர், அட்டையைத் தொலைத்தவர் எல்லோருக்கும் படிவம் 8. 2022 ஆகஸ்ட் முதல் இவையெல்லாம் அந்த ஒரே படிவத்தில் அடக்கம். மதுரையிலிருந்து கோவைக்குக் குடிபெயர்ந்தவர் அங்கே போய் மறுபடியும் படிவம் 6 போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதனால் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் பெயர் வரும், பிறகு ஒன்று நீக்கப்படும். எது போகும் என்பது நம் கையில் இல்லை. ஏற்கெனவே பதிவு இருப்பதை மறைத்துப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. பழைய அட்டை எண்ணைக் குறிப்பிட்டுப் படிவம் 8 கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது மாவட்டம். சென்னை வாசிகளை இந்தத் தளம் அதிகம் தடுமாற வைப்பது இங்கேதான். தேர்தல் கணக்கில் சென்னை மாவட்டத்துக்கு 16 தொகுதிகள் மட்டுமே. அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர் ஆகியவை மாநகராட்சிக்குள் இருந்தாலும் திருவள்ளூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். சோழிங்கநல்லூர் செங்கல்பட்டின் கீழ் வரும். மடிப்பாக்கத்தில் குடியிருப்பவர் ‘சென்னை’யைத் தட்டிவிட்டு, பக்கத்தில் இருக்கிறதே என்று வேளச்சேரியைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் வேறொரு அலுவலரிடம் போகும். முகவரி தன் எல்லையில் இல்லை என்று அவர் நிராகரிப்பார். அஞ்சல் குறியீட்டை நம்பாதீர்கள். அதே வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ளவரின் அட்டை எண்ணைத் தேடல் பக்கத்தில் போட்டு, அவருடைய தொகுதியும் பாக எண்ணும் (தொகுதிப் பட்டியலில் அந்தப் பகுதிக்குரிய எண்) என்ன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். படிவத்தில் குடும்ப உறுப்பினரின் அட்டை எண் கேட்கும் கட்டத்தை விட்டுவிடவும் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே வாக்குச்சாவடிக்குப் போக அது உதவும்.

தமிழ்ப் பெயர் இன்னொரு தலைவலி. ஆங்கிலத்தில் தட்டினால் பக்கத்துக் கட்டத்தில் தமிழ் தானாக நிரம்பும். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும் அதில் குழம்பும். கண்ணன் ‘கன்னன்’ ஆவார், மலர்விழி ‘மலர்விலி’ ஆவார். அச்சாகும் பட்டியல் தமிழில் என்பதால் இந்தப் பிழை அப்படியே அங்கே ஏறும். தமிழ்க் கட்டத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் திருத்திய பிறகே அடுத்த பக்கம் போங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து மட்டும்தான். ஆதாரில் அந்த எழுத்து பெயருக்கு முன்னால் இருந்தால் இங்கேயும் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால் என்று வைத்துக்கொள்வது நல்லது. 2025 செப்டம்பரிலிருந்து தளத்தில் ஆதார் வழியான மின் கையொப்பம் வந்திருக்கிறது. ஆதாருடன் கைபேசி எண் இணைந்திருந்தால்தான் அதற்கான ஓடிபி வரும். எண்ணை இணைக்காதவர்கள் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தாளில் பூர்த்தி செய்து வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, தாலுகா அலுவலகத்திலோ, மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ கொடுக்கலாம். அதற்கும் இதே மதிப்புதான்.

ஆவணங்களில் அதிகச் சிரமமில்லை. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பான் போன்றவற்றில் ஒன்று போதும். முகவரிக்கு மின்கட்டண ரசீது, கேஸ் ரசீது, வங்கிப் பாஸ்புத்தகம், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும், பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தம் இந்தக் கணக்கில் வராது. வாடகைக்காரர்கள் பலருக்கு விண்ணப்பம் இழுபடுவது இதனால்தான். முகவரி மாற்றிய வங்கிப் பாஸ்புத்தகம் எளிதான மாற்று.

வயதுத் தகுதி ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்.

விண்ணப்பித்ததும் ஒரு குறிப்பு எண் வரும். அதை எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு தளம் வெறும் தகவல் பலகைதான், வேலை நடப்பது தெருவில். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பெரும்பாலும் அவர் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், சொந்த வேலைக்கு மேல் இதையும் சுமப்பவர். பகலில் வீடு பூட்டியிருந்தால் ‘ஆள் இல்லை’ என்று அறிக்கை போய்விடும். தளத்திலேயே அவருடைய கைபேசி எண் கிடைக்கும். விண்ணப்பித்த வாரமே அழைத்துப் பேசி, எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். நிராகரித்தால் 15 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். சென்னையில் அந்தப் பொறுப்பு மாநகராட்சி ஆணையருடையது. அங்கும் சரிவராவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்த வழியைத் தளம் முகப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியலில் பெயர் சேர்ப்பது நின்றுவிடும். ஆட்சேபணைக்கு ஏழு நாள் அவகாசம் தேவை என்பதால், அதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது விண்ணப்பம் போயிருக்க வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு தொடங்குவது ஆபத்து.

பழைய வாக்காளர்களும் பெயரைத் தேடியே ஆக வேண்டும். 2025 நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலை முழுமையாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. போன தேர்தலில் ஓட்டுப் போட்டேன் என்பது இந்தத் தேர்தலுக்கு எந்த உத்தரவாதமும் அல்ல. அட்டை எண்ணைக் கொண்டு தேடுவதே நம்பகமான வழி. பெயரை வைத்துத் தேடினால் எழுத்து மாறியிருந்தாலே கிடைக்காது. அப்போது தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் பாகவாரியான பட்டியலை இறக்கிப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர் குடும்பத்தாரின் பெயருக்கு அருகில் இருக்காது, கடைசியில் துணைப் பட்டியலில் இருக்கும். அதைப் பார்க்காமல் ‘பெயர் இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சந்தேகத்துக்கு 1950 என்ற இலவச எண் உண்டு.

வாக்குப்பதிவு நாளில் செய்ய வேண்டியது குறைவு. பூத் சிலிப் இருந்தால் பாக எண்ணும் வரிசை எண்ணும் உடனே கிடைக்கும். 2019 முதல் அது அடையாளச் சான்று அல்ல. அட்டை இல்லாதவர்களுக்கு ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படத்துடன் கூடிய வங்கிப் பாஸ்புத்தகம், நூறு நாள் வேலை அட்டை உள்ளிட்ட மாற்று ஆவணங்கள் உண்டு. ரேஷன் ஸ்மார்ட் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. 6ஏ-இல் பதிந்தவர்கள் பாஸ்போர்ட்டின் அசலைத்தான் காட்ட வேண்டும்.

உள்ளே முதல் அலுவலர் பெயரைச் சரிபார்த்து உரக்க வாசிப்பார். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டு தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். சின்னத்துக்கு நேராக உள்ள நீல பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். போட்ட ஓட்டைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குள் வரிசை எண், வேட்பாளர் பெயர், சின்னம் கொண்ட தாள் 7 விநாடி தெரியும். நீண்ட பீப் ஒலி கேட்கும் வரை நகராமல் அந்தத் தாளைப் படியுங்கள்.

பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் ஓட்டு உண்டு. உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டால் திரும்பி வராதீர்கள். பட்டியலில் உள்ள வாக்காளர் நீங்கள்தான் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் நிரூபித்தால், விதி 49P-யின்படி டெண்டர் வாக்குச்சீட்டு தந்தாக வேண்டும். அது இயந்திரத்தில் பதியாது, வழக்கமான எண்ணிக்கையிலும் சேராது. தனி உறையில் முத்திரையிட்டு வைக்கப்படும், தேர்தல் வழக்கில் நீதிமன்றம் கேட்டால் திறக்கப்படும்.