டேவ் லீப் தேர்தல் அட்லஸ்: வேட்பாளரின் பழைய தேர்தல் கணக்கைப் புரட்டிப் பார்க்க உதவுமா?

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் "இவர் ஏற்கெனவே தோற்றவராச்சே" என்று ஒரு தரப்பு தொடங்கும். எதிர்த்தரப்பு உடனே, தோற்ற பிறகும் அதிபரான லிங்கனை இழுக்கும். இருவர் கையிலும் எண்கள் இருக்காது. ஒரு வேட்பாளர் முந்திய அதிபர் தேர்தல்களில் (சொந்த மாகாணம் உட்பட) எப்படிச் செய்தார், அதற்கு முன் எங்கெல்லாம் தோற்றார், அந்தத் தோல்விகளுக்கு எவ்வளவு எடை என்பதுதான் கேள்வி. எண்ணுக்கு முதலில் திறக்க வேண்டிய தளம் டேவ் லீப்பின் அட்லஸ். 1789 முதல் எல்லா அதிபர் தேர்தல்களும் அதில் உண்டு. தேசிய, மாகாண முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். கவுன்டி (மாகாணத்துக்குள் உள்ள மாவட்டம்) வாரியான தரவுக் கோப்புகளுக்குக் காசு. ஒரு வேட்பாளரின் வரலாற்றைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் காசு கட்டத் தேவையே வராது.

உள்ளே போனதும் தடுக்கி விழும் இடம் நிறம். இங்கே சிவப்பு ஜனநாயகக் கட்சி, நீலம் குடியரசுக் கட்சி. 2000 தேர்தலுக்குப் பிறகு தொலைக்காட்சிகளில் நிலைத்துவிட்ட வழக்கத்துக்கு இது நேர்த்தலைகீழ். ரீகன் 49 மாகாணங்களை அள்ளிய 1984 வரைபடம் இங்கே நீலக்கடலாகத் தெரியும். படத்தை மட்டும் வெட்டிப் பகிர்ந்தால் அவரிடம் தோற்ற ஜனநாயகக் கட்சியின் மான்டேல் வென்றதாகத்தான் படிப்பவர் நினைப்பார். நிறம் குழப்புகிறவர்களுக்கு 270 டு வின் தளம் எளிது. அங்கே பழகிய நிறம்தான், பழைய ஆண்டு வரைபடங்களும் வரிசையாக உண்டு. ஆனால் மாகாணத்துக்குள் எத்தனை சதவீத வித்தியாசம் என்று தோண்ட அட்லஸ்தான் வசதி.

பெரிய குறை வேறு. பக்கங்கள் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன, நம் கேள்வியோ ஆள் வாரியானது. ஆகவே அட்டவணையை நாமே போட வேண்டும். ஐந்து பத்தி போதும்: ஆண்டு, பதவி, உட்கட்சித் தேர்தலா (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது) பொதுத்தேர்தலா, மாகாணம், வித்தியாசம். வித்தியாசத்தைச் சதவீதப் புள்ளியில் எழுதுங்கள். வாக்கு எண்ணிக்கையில் எழுதினால் 1844ஐயும் 2024ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

நிக்சனை வைத்துப் போட்டுப் பார்த்தால் இந்த அட்டவணையின் பயன் புரியும். 1960இல் கென்னடியிடம் 303க்கு 219 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் (மாகாணங்கள் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் போடும் வாக்கு; அதிபரை முடிவு செய்வது இதுதான்) தோற்றார்; ஆனால் சொந்த மாகாணமான கலிஃபோர்னியாவை ஏறத்தாழ அரை சதவீதப் புள்ளியில் வென்றிருந்தார். 1962இல் அதே மாகாணத்தில் ஆளுநர் பதவிக்கு நின்று பேட் பிரவுனிடம் சுமார் 5 புள்ளியில் தோற்றார். அரசியல் வாழ்வு முடிந்தது என்றார்கள். 1968இல் அதே கலிஃபோர்னியா சுமார் 3 புள்ளியில் அவருக்கே விழுந்தது. நாடு முழுக்க 301 தேர்வாளர் வாக்கு. 1962 வாக்காளர் தீர்ப்பளித்தது ஆளுநர் பதவிக்கு. அதை அதிபர் போட்டிக்கு ஏற்றிப் பார்த்ததுதான் பிழை. இன்னொன்று, 1968இல் அவர் நியூயார்க்வாசி. அந்த மாகாணத்தை எதிர் வேட்பாளர் ஹம்ஃப்ரியிடம் இழந்துதான் அதிபரானார். 2016இல் டிரம்புக்கும் நியூயார்க்கில் அதே கதை. "சொந்த மாகாணத்தையே ஜெயிக்காதவர்" என்ற வசனத்துக்கு எடை போடும்போது இதை மறக்கக் கூடாது. அல் கோர் 2000இல் டென்னஸியை, அதன் 11 தேர்வாளர் வாக்குகளை, இழந்தது மட்டும் உண்மையிலேயே தலையை வாங்கிய தோல்வி. இறுதிக் கணக்கு இளைய புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266.

கேள்வியின் மறுபாதிக்கு, அதாவது அதிபர் தேர்தலுக்கு முந்திய தோல்விகளுக்கு, வேறு ஆவணங்களும் வேண்டும். செனட், பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிவுகளைச் சபை எழுத்தர் அலுவலகம் 1920 முதல் தொகுத்துவருகிறது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மூத்த புஷ் டெக்சாஸ் செனட் இடத்துக்கு 1964இல் யார்பரோவிடமும் 1970இல் லாய்ட் பென்ட்சனிடமும் தோற்றதை அங்கே பார்க்கலாம். 1988ஐத் திறந்தால் வேடிக்கை: பென்ட்சன் அதே நாளில் டெக்சாஸ் செனட் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார், துணை அதிபர் வேட்பாளராக அதே டெக்சாஸை, அதிபர் வேட்பாளராக எதிரே நின்ற புஷ்ஷிடம் இழந்தார். ஒரே வாக்காளர், ஒரே சீட்டு, இரண்டு தீர்ப்பு.

உட்கட்சித் தோல்விகள் எழுத்தர் தொகுப்பில் இருக்காது. அதற்குக் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 1982 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை போடும் தொகுப்பு. 2000ஆம் ஆண்டு இல்லினாய்ஸில் பிரதிநிதிகள் சபை இடத்துக்கான உட்கட்சித் தேர்தலில் ஒபாமா பாபி ரஷ்ஷிடம் 61க்கு 30 சதவீதம் என்று மண்ணைக் கவ்வியது அதில் கிடைக்கும். ஆளுநர் தேர்தல் இவை இரண்டிலும் கிடையாது. கிளின்டனின் 1980 அர்க்கன்சாஸ் தோல்வி, கார்ட்டரின் 1966 ஜார்ஜியா உட்கட்சித் தோல்வி போன்றவற்றுக்கு அந்தந்த மாகாணத்தின் பதிவுகளைத்தான் நாட வேண்டும்.

எண்ணே ஏமாற்றும் இடங்களும் உண்டு. 1824இல் 24 மாகாணங்களில் 6இல் சட்டமன்றமே தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்ததால் அந்த ஆண்டின் மக்கள் வாக்கு அரைகுறை. 1858இல் லிங்கன் டக்ளஸிடம் இழந்த செனட் இடத்துக்கும் மக்கள் நேராக வாக்களிக்கவில்லை. அந்த உரிமை 1913இல்தான் வந்தது. எல்லாவற்றையும்விடச் சிக்கல் 1960 அலபாமா. அங்கே தேர்வாளர்களுக்குத் தனித்தனியே வாக்கு. ஜனநாயகக் கட்சியின் 11 பேரில் 5 பேர் கென்னடிக்குக் கட்டுப்பட்டவர்கள், 6 பேர் கட்டுப்படாதவர்கள். கட்சி வாக்கை முழுதாகக் கென்னடி கணக்கில் வைத்தால் நாடளவில் அவர் ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கில் முன்னிலை. விகிதப்படி பிரித்தால் நிக்சனே முன்னால் போய்விடுவார். இரண்டு தளங்களில் 1960 எண்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இந்த மாகாணத்தைப் பாருங்கள்.

அட்டவணையை நிரப்பிய பிறகு இரண்டாவது, மூன்றாவது பத்திகளை (பதவி, உட்கட்சியா பொதுவா) வைத்து வரிசைப்படுத்துங்கள், பிரிவு பளிச்சென்று விழும். கீழ்ப்பதவித் தோல்வியும் உட்கட்சித் தோல்வியும் பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை. ரீகன் 1968, 1976 இரண்டிலும் கட்சி வாய்ப்பை இழந்தவர். பைடன் 1988, 2008. போல்க் டென்னஸி ஆளுநர் பதவியை 1841, 1843 என்று அடுத்தடுத்து இழந்து, 1844 அதிபர் தேர்தலில் ஏற்கெனவே இருமுறை தோற்ற கிளேயை வீழ்த்தினார், அதுவும் டென்னஸியை மறுபடி கைவிட்டபடி. அதிபர் பொதுத்தேர்தலில் கட்சி வேட்பாளராகத் தோற்பதுதான் கனமான தோல்வி. பிரயன் மூன்று முறை, டூயியும் ஸ்டீவன்சனும் இரண்டிரண்டு முறை தோற்றார்கள், மீளவில்லை. 1900க்குப் பிறகு அந்தக் குழியிலிருந்து ஏறி வந்தவர்கள் நிக்சனும் டிரம்பும் மட்டுமே. டிரம்ப், 1892இல் திரும்பி வந்த கிளீவ்லாந்தைப் போல, முன்பே ஒருமுறை அதிபராக இருந்தவர்; நிக்சனுக்கு எட்டாண்டு துணை அதிபர் பதவி இருந்தது.

வெற்றிக் கணக்கைப் பார்க்க இந்த அட்டவணை அவ்வளவு உதவாது. ஐசனோவரும் 2016 டிரம்பும் எந்தத் தேர்தலிலும் வெல்லாமலேயே வந்தவர்கள், அவர்கள் வரிசை காலியாகவே இருக்கும். காலி வரிசையைத் தோல்வி என்று எண்ணிக்கொள்ளாமல் தனி நிறம் கொடுத்து வையுங்கள்.