குழந்தை வயிற்றுப்போக்கு: புரோபயாடிக்கும் களிமண் பொடியும் எந்த அளவுக்கு உதவும்?

முதலிடம் இரண்டுக்கும் இல்லை. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக்) கரைசலும் துத்தநாகமும்தான் அடிப்படை. துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி., 6 மாதத்துக்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள்.

ஸ்மெக்டைட் என்கிற களிமண் பொடி நுண்ணிய தகடுகளால் ஆனது. நச்சுகளையும் நீரையும் பிடித்துக்கொள்ளும். போக்கு ஏறக்குறைய ஒரு நாள் குறையலாம், ஆனால் ஆய்வுச் சான்று வலுவானதல்ல. கலக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பொடியின் மேல் நீர் ஊற்றினால் கட்டி தட்டும். 50 மி.லி. நீரில் தூவிக் கலக்கி, அடியில் படியுமுன் கொடுக்க வேண்டும். மற்ற மருந்துகளையும் அது உறிஞ்சிக்கொள்வதால் 2 மணி நேர இடைவெளி தேவை. மலம் கெட்டியானதும் நீரிழப்பு தீர்ந்தது என்று ஓஆர்எஸ்ஸை நிறுத்துவது பெரிய தவறு. ஈயத் தடயம் இருக்கலாம் என்பதால் 2019இல் பிரான்ஸ் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2 வயதுக்குக் கீழே இதைத் தவிர்க்கச் சொன்னது. அந்த வயதில் எங்கள் பரிந்துரையும் 'வேண்டாம்' என்பதே.

புரோபயாடிக் என்பது குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர். அதன் பெட்டியில் 'கோடிக்கணக்கான நுண்ணுயிர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எந்த வகை என்பதே முக்கியம். பரவலாக விற்கும் லாக்டோபாசிலஸ் ஜிஜி, 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த, மருந்தில்லாத பொருளைவிட (பிளாசிபோ) மேலாக வேலை செய்யவில்லை. சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற இன்னொரு புரோபயாடிக், ஈஸ்ட் வகை. ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது, சூடான பால் கொன்றுவிடும். எதிர்ப்பு சக்தி குன்றிய குழந்தைக்கும், மையச் சிரையில் (பெரிய ரத்தக் குழாயில்) ஊசிக்குழாய் பொருத்திய குழந்தைக்கும் அது ஆபத்து.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் பொட்டலத்தைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.