கல்பாக்கமா, கூடங்குளமா: இரண்டு கடற்கரை, இரண்டு வழி

அணுமின் திட்டம் தொடங்கும் நாட்டுக்கு முதல் கேள்வி: உலையை நாமே கட்டுவதா, வெளியே வாங்குவதா? தமிழ்நாட்டில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது.

கல்பாக்கம் சொந்தக் கையால் சமைத்த சாப்பாடு மாதிரி. தலா 220 மெகாவாட் கனநீர் (ஹைட்ரஜனின் கனமான வடிவம் கொண்ட நீர்) உலைகள் இரண்டு. முதலாவது 1984இல் வணிக உற்பத்திக்கு வந்தது. செறிவூட்டாத, அதாவது எளிதில் பிளவுபடும் யுரேனியத்தின் பங்கைக் கூட்டாத, இயற்கை யுரேனியமே எரிபொருள். ஆனால் கனநீரைத் தனியாகத் தயாரிக்க வேண்டும், அது லேசான வேலை இல்லை.

கூடங்குளத்தில் ரஷ்ய உலைகள், ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். சாதாரண நீர் போதும், செறிவூட்டிய எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வர வேண்டும். ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் 1988இல் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். முதல் உலை வணிக உற்பத்தியைத் தொட்டது 2014 டிசம்பரில். நடுவில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது! வாங்கினால் சீக்கிரம் முடியும் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, இடம்? குளிர்விக்க இரண்டுக்கும் கடல்நீர்தான். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கூடங்குளத்தில் நன்னீருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையே கட்ட வேண்டியிருந்தது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, பக்கத்து ஊரான இடிந்தகரை மீனவர்களின் போராட்டம் வலுத்தது. வரைபடத்தில் பொருத்தமாகத் தெரிந்த இடத்தில் ஊர் இருக்கிறது, வலை இருக்கிறது.

என்னைக் கேட்டால், கல்பாக்கம் வழிதான். மெகாவாட் குறைவு, ஆனால் கற்ற தொழில் இங்கேயே தங்கியது.